ஆறாம் அத்தியாயம்: பூனைமுடியை அறிதலும் அகற்றலும்

மனித தேகத்தில் உள்ளங்கை, உள்ளங்கால், உதடு முதலிய சில இடங்கள் நீங்கலாக மற்றெல்லாப் பகுதிகளிலும் முடி உண்டு என்பதையும், ஏறத்தாழ 50 லட்சம் முடிக்குழிகள் நம் சருமமெங்கும் பரவியிருக்க அவற்றுள் சுமார் ஒரு லட்சம் மட்டுமே தலையைச் சேர்ந்தவை என்பதையும், கன்னத்தில் மெல்லிய உரோமத்தைக் கண்ணாடியில் கண்டு கலங்கும் யுவதி முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். பூனைமுடி என்று நாம் வழங்கும் இந்த மெல்லிய உரோமம் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி எல்லார் முகத்திலும் இருப்பது. பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேற்படாதது. பருமனோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குக்கு உட்பட்டது. நிறமும் அதற்கு மிகச் சொற்பம். பக்கவாட்டில் வெயில் படும்போதோ, பவுடர் பூசியபின் அது உரோமத்தின்மேல் தங்கும்போதோதான் கண்ணுக்குத் தெரிகிறதேயன்றி, மற்ற வேளைகளில் எதிரில் நின்று பேசுவோருக்குக்கூட அது புலப்படுவதில்லை. ஆகவே இது ஒரு வியாதியுமன்று, அசுத்தமுமன்று. இதை நீக்குவது சுகாதாரத்தின்பொருட்டு அவசியமுமன்று. விரும்புகிறவர் நீக்கிக்கொள்ளலாம், விரும்பாதவர் விட்டுவிடலாம், இரண்டினாலும் தேகத்துக்கு நஷ்டம் ஏதுமில்லை.

அங்ஙனமாயின் ஓர் அத்தியாயம் முழுவதையும் இதற்கென ஒதுக்குவானேன் என்ற கேள்வி எழலாம். முடியினால் விளையும் தீங்கு ஒன்றுமில்லை என்றாலும், அதனைப் போக்கும் அவசரத்தில் விளைவித்துக்கொள்ளும் தீங்குகள் அநேகம் என்பதே அதற்கு விடை. கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரம் போன்ற நெருக்கமான தெருக்களில் வசிப்போரையும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கங்களில் வசிப்போரையும் மனத்திற்கொண்டு இப்பக்கங்கள் எழுதப்படுகின்றன. குளிரூட்டிய அழகு நிலையத்தில் அமர்ந்திருப்பவருக்கென்று சொல்லப்படும் யோசனைகள், கரும்புக் கொல்லையிலும் மரவள்ளிக் காட்டிலும் பகலெல்லாம் வெயிலில் நின்று, வியர்வையும் புழுதியும் முகத்தில் படிய வீடு திரும்பும் பெண்ணுக்கு அப்படியே பொருந்திவிடமாட்டா.

முதலில் முடியை அறிக

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம், நீக்கக் கருதியது பூனைமுடிதானா என்று நிச்சயித்துக்கொள்வதே. காலை வேளையில், ஜன்னலோரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். மெல்லியதாய், குட்டையாய், வெளிறியதாய், தடவினால் பட்டுப்போன்று மிருதுவாய் இருப்பது பூனைமுடி. கறுத்து, தடித்து, சுருண்டு, மேலுதட்டிலும் தாடையிலும் கழுத்திலும் ஆண்களுக்கு வளரும் பாங்கில் வளர்வது வேறு வகை. பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்களின் மிகுதியோ, அவற்றுக்கு முடிக்குழிகள் மிகையாக இணங்குவதோ ஆகும். இத்தகைய வளர்ச்சியை அளவிட்டுக் கூறுவதற்கு ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961 இல் ஒரு முறையை வகுத்தார்கள். அதனைத் திருத்தியமைத்த வடிவத்தில், தேகத்தின் ஒன்பது இடங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு மருத்துவர்கள் இன்றும் கணக்கிடுகிறார்கள்.

தடித்த கருமுடியோடு மாதவிலக்குத் தவறுதல், தீராத முகப்பரு, தேக எடை கூடுதல், உச்சந்தலையில் முடி குறைதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். இருக்கக்கூடும். ஸ்டைன், லெவன்தால் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1935 இல் விவரித்த இந்தக் கோளாறு இன்று நம் ஊர்ப் பெண்களிடையே அபூர்வமானதன்று, சிகிச்சைக்கு இணங்குவதுமாகும். அதனை விட்டுவிட்டு மேலே தோன்றும் முடியை மட்டும் மழித்துக்கொண்டிருந்தால், உள்ளே உள்ள காரணம் காலம் தாழ்ந்தே வெளிப்படும். சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகி, குரலும் கனத்துப்போனால் அது இன்னும் அவசரமான விஷயம். அண்டாசயத்திலோ, சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி உண்டா என்று உடனே பரிசோதிக்க வேண்டும். பருவமடையாத சிறுமிக்குக் கருமுடி தோன்றினாலும் மருத்துவரிடமே காட்டுதல் வேண்டும். இவ்வத்தியாயத்தில் மேலே கூறப்போகும் முறைகளெல்லாம் பூனைமுடிக்கு மாத்திரமே உரியன.

இன்னொரு காரணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் அது நம் வீட்டு அலமாரியிலேயே ஒளிந்திருப்பது. முகம் வெளுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் சில வாரங்களில் முகம் தெளிந்தாற்போலத் தோன்றும். பின்னர் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரிந்து, பரு கிளம்பி, எந்த முகத்துக்கு அழகு வேண்டிப் பூசினோமோ அந்த முகத்திலேயே உரோமமும் அடர்ந்து வளரும். களிம்பை நிறுத்தினாலோ எரிச்சலும் சிவப்பும் முன்னிலும் அதிகமாகத் திரும்பும். அதற்கஞ்சி மறுபடியும் பூசுவார்கள். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018 இல் மத்திய அரசு விதியை இறுக்கியதும் இக்கேட்டை முன்னிட்டே. பூனைமுடி புதிதாகப் பெருகியிருப்பதாகத் தோன்றும் ஒவ்வொருவரும், தாம் முகத்தில் என்ன பூசிவருகிறோம் என்பதை முதலில் யோசிக்கக் கடவர்.

மழித்தால் தடிக்கும் என்ற பயம்

கத்தி பட்டால் முடி தடித்தும் கறுத்தும் வளரும் என்ற அபிப்பிராயம் பாட்டிமார் காலந்தொட்டு நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் 1928 இலேயே இதனைப் பரீட்சித்து, மழிப்பதனால் முடியின் பருமனோ, நிறமோ, வளரும் வேகமோ மாறுவதில்லை என்று வெளியிட்டார். 1970 இல் வேறு இருவர், சிலருடைய ஒரு காலை மட்டும் வாரந்தோறும் மழித்து மற்றொரு காலை மழிக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். காரணம் எளிது. முடி உயிர்பெற்று வளரும் இடம் தோலுக்கு அடியில் உள்ள வேர். கத்தி அறுப்பதோ தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரற்ற தண்டை. மேலே நடப்பது வேருக்குத் தெரிய வழியில்லை.

அப்படியானால் மழித்த சில நாளில் கைக்குச் சொரசொரப்பாகப் படுவதேன் என்று கேட்கலாம். தானே வளர்ந்த உரோமத்தின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். அறுபட்டது மொட்டையான நுனியோடு எழும். நாற்றாக இருந்தபோது காலை வருடிய நெற்பயிரே அறுப்பு முடிந்தபின் தாளாக நின்று காலைக் குத்துவதில்லையா? தாள் குத்துகிறது என்பதற்காகப் பயிர் தடித்துவிட்டதென்று எவரும் சொல்லார். பருவ வயதில் மழிக்கத் தொடங்கும் பெண்ணுக்கு, ஹார்மோன்களினால் இயல்பாகவே அவ்வயதில் முடி சற்றுக் கறுப்பதும் உண்டு. அப்பழி அநியாயமாகக் கத்தியின்மேல் விழுகிறது. ஆகவே இந்தப் பயத்தை விலக்கிவிடலாம். பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன.

மஞ்சளும் மாவும்

செவ்வாய், வெள்ளிகளில் மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் மறையவில்லை. சமையலுக்கு விரலி மஞ்சளும், பூச்சுக்குக் குண்டு மஞ்சளும், வாசனைக்குக் கஸ்தூரி மஞ்சளும் எனப் பகுத்து, அவற்றோடு பயத்தமாவு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, குப்பைமேனி இலை ஆகியவற்றைச் சேர்த்து நம் முன்னோர் முகப்பூச்சுச் செய்துவந்தனர். இவை முடியின் வேரை அழித்துவிடும் என்பதற்குத் திடமான சாட்சியம் கிடையாது. எகிப்து நாட்டில் கோரைக்கிழங்கு எண்ணெயை அக்குள் முடிமேல் சோதித்து நற்பயன் கண்டதாக ஓர் ஆய்வு உண்டெனினும், அது முகத்துக்கும், நாம் வீட்டில் இடிக்கும் தூளுக்கும் பிரமாணமாகிவிடாது. காய்ந்த பூச்சைத் தேய்த்து உதிர்க்கும்போது சில உரோமங்கள் அறுந்தும், சில பிடுங்கப்பட்டும் வருகின்றன. மஞ்சளின் நிறம் எஞ்சியவற்றை மறைக்கிறது. நாம் காணும் பலன் பெரும்பாலும் இவ்வளவே. இந்தத் தேய்ப்பையே அளவு மீறிச் செய்தால் தோல் உராய்ந்து கறுத்துவிடும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் சருமத்தில் எந்தச் சிறு அழற்சி உண்டானாலும், அது ஆறியபின் கருந்தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும் சுபாவம் உண்டு என்பதை இவ்வத்தியாயம் முழுவதிலும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மஞ்சளை விரும்பிப் பூசுவோர் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கிக் கல்லில் உரைத்துக்கொள்வது உத்தமம். மஞ்சளுக்குப் பளபளப்பான நிறம் ஏற்றுவதற்காக லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயத்தைக் கலக்கும் துர்வழக்கம் வங்கதேசத்தில் ஆய்வாளர்களால் 2019 இல் விரிவாக வெளிப்படுத்தப்பட்டது. நம் நாட்டிலும் அக்கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் தோலின் வழியாக அதிகம் உட்செல்லாதெனினும், பூசிய கையும் பூசிய உதடும் அதனை வாய்க்குக் கொண்டுசேர்க்கும். மஞ்சள் பூசிய தாயின் முகத்தைத் தடவி விரல் சப்பும் குழந்தைக்கு அது இன்னும் கேடு. எலுமிச்சைச் சாற்றைப் பூச்சில் சேர்க்கவே வேண்டாம். அச்சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளித்துக் கருகும்.

பச்சிளங் குழந்தையின் நெற்றியிலும் முதுகிலும் காணும் உரோமத்தைக் கடலைமாவு உருண்டை கொண்டு உருட்டியெடுக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அது பிறந்த சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துபோவது. குழந்தையின் தோலோ மிக மெல்லியது. உருட்டலில் புண்பட்டால் கிருமி எளிதில் புகும்.

எந்த முறையைத் தேர்வது?

வீட்டில் தனியே செய்துகொள்வதற்கு, புதிய கூர்மையான ஒற்றை விளிம்பு முகக் கத்தியால் மென்மையாக மழிப்பதே எல்லாவற்றிலும் அபாயம் குறைந்த முறை. இது முடியை வேரோடு இழுப்பதில்லை, ரசாயனம் ஏதும் தோலில் படுவதில்லை, சூடும் இல்லை, செலவும் சொற்பம். பேஸ் ரேசர் என்று கேட்டால் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கும் இக்கத்தியின் விளிம்பில், தோல் ஆழமாக வெட்டுப்படாதபடி நுண்ணிய காப்புப் பற்கள் அமைந்திருக்கும். ஆண்கள் தாடிக்கு உபயோகிக்கும் பழைய பிளேடையோ, வீட்டில் வேறொருவர் உபயோகித்ததையோ எடுக்கலாகாது. தாயும் மகளுமேயானாலும் ஆளுக்கொரு கத்தி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலின் இரத்தமும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய ஈரல் நோய்க் கிருமிகளைக் கடத்த வல்லது.

முகத்தில் சீழ்ப்பருக்கள் நிறைய இருப்பவர்கள் மழிப்பதையும் ஒத்திப்போட வேண்டும். அவசியமானால், தோலைத் தொட்டும் தொடாமலும் முடியைக் கத்தரிக்கும் மின் டிரிம்மரை உபயோகிக்கலாம். உதட்டோரக் கொப்புளம், பாலுண்ணி, சிறு மருக்கள், படை, வெயில் எரிச்சல் ஆகியவை உள்ளபோது அவ்விடத்தில் கத்தியே படலாகாது. கத்தி செல்லும் கோட்டின் வழியே மருக்கள் பரவிவிடும்.

செய்யும் முறை

வேலையெல்லாம் முடிந்து, மறுபடி வெயிலில் இறங்க வேண்டியிராத மாலை வேளையே இதற்கு ஏற்றது. ஆனால் வெளிச்சம் மங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள், கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அன்று காலையில் அவசரமாகச் செய்வது தவறு. இரண்டு மூன்று நாள் முந்தியே செய்துகொண்டால், சிறு சிவப்பு ஏதேனும் உண்டானாலும் அடங்கிவிடும்.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், முகத்தை மிதமான சோப்பினாலும் வெதுவெதுப்பான நீராலும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். புழுதியும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்காத முகத்தில் கத்தி வைப்பது கிருமியைக் கையாற் பிடித்து உள்ளே விடுவதாகும். தலைமயிரைத் துணியால் கட்டிவிட்டு, வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பையோ, கடையில் விற்கும் சோற்றுக்கற்றாழை ஜெல்லையோ மெல்லிய படலமாகத் தடவிக்கொள்ள வேண்டும். தோட்டத்துக் கற்றாழை மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பைத் தருவதால், அதை நேரே முகத்தில் பூசுவதை இச்சமயத்தில் தவிர்க்க வேண்டும்.

பிறகு ஒரு கையால் தோலைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்து, மறு கையில் கத்தியை ஏறத்தாழ 45 பாகை சாய்வாக வைத்து, முடி வளரும் திசையிலேயே, அதாவது பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி, ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிறுசிறு வீச்சாக நகர்த்த வேண்டும். அழுத்தம் கூடாது, கத்தியின் கனமே போதும். இரண்டு மூன்று வீச்சுக்கு ஒருமுறை ஈரப் பஞ்சினால் விளிம்பைத் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் இன்னும் வழவழப்பாகும் என்ற ஆசை எழும். அந்த ஆசையே, முடி தோலுக்குள் மடிந்து வளர்ந்து கட்டியாவதற்குக் காரணமாகிறது. ஒரே இடத்தில் இரண்டு தடவைக்குமேல் ஓட்ட வேண்டாம்.

கிருதாவிலிருந்து தொடங்கிக் கன்னம், பிறகு தாடை, கடைசியாக மேலுதடு என்ற வரிசையில் செல்வது சௌகரியம். மேலுதட்டுக்கு, உதட்டைப் பற்களின்மேல் உள்மடித்து இறுக்கிக்கொண்டு, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் மிகச் சிறு வீச்சாகச் செய்ய வேண்டும். இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும், மூக்கின் உட்புறமும், மச்சமும், உப்பிய மருவும் தீண்டத்தகாத இடங்கள். நெற்றியின் மயிர்க்கோட்டை நேராக்கப் புகுந்தால் பிறகு அதனை மாதந்தோறும் காத்துக்கொண்டிருக்க நேரும் என்பதால், அதையும் விட்டுவிடுதல் புத்திசாலித்தனம். கீறல் விழுந்தால் சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். காப்பித்தூளையும் சுண்ணாம்பையும் அதன்மேல் வைக்க வேண்டாம்.

கத்தியைச் சுத்தம் செய்தல்

முடிந்தபின் கத்தியைச் சோப்பு நீரில் கழுவி, விளிம்பைத் தேய்க்காமல் உலர்த்தி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடைத்து, மூடியிட்டு உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். குளியலறை ஈரத்தில் போட்டால் துருப்பிடிக்கும். மூன்று நான்கு தடவைக்குமேல் ஒரு கத்தியை உபயோகிப்பது சிக்கனமன்று. கழித்துவிடும் கத்தியைத் தகர டப்பாவிலிட்டு மூடியே குப்பையில் சேர்க்க வேண்டும். வெறுமனே எறிந்தால் அது கிழிப்பது குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையை.

ஸ்பிரிட் என்ற பேரைச் சொல்லும்போது, இவ்வூரில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக இயலாது. 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும், பிழைத்தவர்களுள் கண்ணொளி பாதிக்கப்பட்டவர்கள் இருந்ததையும் இங்குள்ளோருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மெத்தனால் குடித்தால் மட்டுமே நஞ்சன்று. தோலின் வழியாகவும் உட்புகக்கூடியது. பெயிண்ட்டுக் கடையிலும் பட்டறையிலும் சில்லறையாக ஊற்றித் தரும், இன்னதென்று எழுதப்படாத ஸ்பிரிட் எதனையும் முகத்துக்கோ, முகத்தில் படும் கருவிக்கோ உபயோகிக்கலாகாது; வீட்டில் வைத்திருக்கவுங்கூடாது. மருந்துக் கடையில், தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் காலாவதி நாளும் அச்சிட்ட, முத்திரை பிரியாத சர்ஜிக்கல் ஸ்பிரிட் புட்டி சிறிய விலைக்கே கிடைக்கிறது. அதுவும் கத்திக்குத்தான், மழித்த கன்னத்துக்கன்று; அதனையும் குழந்தைகள் கைக்கும் அடுப்புத் தீக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

அன்றும் மறுநாளும்

மழித்து முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, வாசனையற்ற ஈரப்பதக் களிம்பைத் தடவினால் வேலை முற்றிற்று. அன்றைக்கும் மறுநாளைக்கும் மஞ்சள், எலுமிச்சை, பிளீச், வாசனைப் பவுடர், பரு மருந்து ஆகிய எதுவும் முகத்தில் வேண்டாம். மழிக்கும்போது முடியோடு தோலின் மேற்புறத்து இறந்த செதில்களும் நீங்கிவிடுவதால், வெயில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தாக்கும். வெளியே செல்வோர் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ள வேண்டும். அது வாங்க இயலாதவர் குடையோ, தலையிலிருந்து கன்னம் மறையக் கட்டிய பருத்தித் துணியோ கொண்டு காத்துக்கொள்ளலாம். கரும்புத் தோகை உரிக்கும் வேலைக்குச் செல்பவர்கள் அன்றாவது அவ்வேலையைத் தள்ளிப்போட முடியுமானால் நல்லது. தோகையின் அரம்போன்ற விளிம்பும் சுணையும் புதிதாக மழித்த கன்னத்தில் தீயாக எரியும். அக்கினி நட்சத்திர நாட்களில் இக்காரியத்தையே மேற்கொள்ளாமலிருப்பது விவேகம்.

மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அதற்குள்ளேயே மறுபடி மறுபடி கத்தி வைப்பவரின் கன்னம், முடிக்குப் பதிலாகக் கருமையை ஏற்றுக்கொள்ளும்.

மற்ற முறைகளும் அவற்றின் குறைகளும்

திரெடிங் எனப்படும் நூல் முறையில், முறுக்கிய பருத்தி நூலின் கண்ணிகளுக்குள் முடி அகப்பட்டு வேரோடு வருகிறது. பழகிய கைக்கு இது நல்ல முறையே. மழிப்பதைக் காட்டிலும் பலன் நீடிக்கும். ஆனால் கன்னம் முழுவதும் நூலோட்டினால் தோல் உராய்ந்து, முடிக்குழிகள் வீங்கிச் சீழ்ப்பிடிக்க இடமுண்டு. மருவும் பாலுண்ணியும் நூலினால் பரவியதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. பார்லரில் நூலின் ஒரு முனையைச் செய்பவர் பல்லில் கடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நூலைக் கழுத்தில் மாட்டிச் செய்யும்படியும், புது நூல் எடுக்கும்படியும் கேட்க வாடிக்கையாளர் கூச்சப்பட வேண்டியதில்லை.

மெழுகும், சர்க்கரைப் பாகும் கை கால்களுக்கு ஏற்றவை. முகத்துக்கு வீட்டில் செய்துகொள்ளத் தக்கவையல்ல. சூடு சற்று மிகுந்தால் வெந்துவிடும். பருவுக்காக டிரெட்டினாயின், அடாபலீன் போன்ற மருந்து பூசுவோருக்கு மேல்தோலே உரிந்து வரும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்வோர் உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்தியபின் ஆறு மாதத்துக்கும் மெழுகைத் தொடலாகாது.

முடி நீக்கும் கிரீம்கள் தயோகிளைகோலேட் என்ற ரசாயனத்தினால் முடியின் புரதக் கட்டை அறுத்துக் கரைப்பவை. முடியும் தோலும் கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனவையாதலால், முடியைக் கரைப்பது தோலையும் விட்டுவைக்காது. முகத்துக்கென்றே செய்யப்பட்டதை மட்டும் எடுத்து, காதுக்குக் கீழே சிறிது தடவிப் பார்த்து, 24 மணி நேரம் பொறுத்து, அட்டையில் குறித்த நிமிஷத்துக்குமேல் ஒரு கணமும் விடாமல் கழுவ வேண்டும். பிளீச் முடியை நீக்குவதில்லை. நிறத்தைப் போக்கி மறைப்பதே. மாநிற முகத்தில் வெளுத்த உரோமம் வெயிலில் இன்னும் மின்னுவதும் உண்டு. விளம்பரங்களில் காணும் ஐ.பி.எல். என்னும் ஒளிக் கருவி, முடியின் கருநிறம் ஒளியை ஏற்பதைக் கொண்டே வேலை செய்வது. நிறமற்ற பூனைமுடியில் அது பற்றாது. ஆனால் கருத்த தோலில் பற்றிச் சுட்டுவிடும். மெல்லிய உரோமம் அதனாலேயே தடித்து வளர்ந்ததும் உண்டு.

முடியை வேரறுப்பதாகச் சொல்லும் புதுப் பொடி, புதுத் தைலம் எது வந்தாலும் சரித்திரம் ஒன்றை நினைவுகூர்தல் தகும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோரெம்லு என்ற களிம்பு அமெரிக்க மாதர்களிடையே முடி நீக்கியாக விற்கப்பட்டது. அதிலிருந்த தாலியம் என்னும் நஞ்சு தலைமுடியையும் உதிர்த்து, நரம்புகளையும் பாழ்படுத்தி, பலரை முடமாக்கியது. அக்காலத்திலேயே எக்ஸ் கதிரைப் பாய்ச்சி முகத்து முடியை அகற்றும் நிலையங்களும் அங்கே பெருகி, பின்னாளில் அப்பெண்களிற் பலர் புற்றுநோய்க்கு இரையானார்கள். நம் பழைய வைத்தியத்திலும் சுண்ணாம்பும் அரிதாரமும் சேர்ந்த முடி நீக்கிகள் உண்டு. அரிதாரம் பாஷாண வகையைச் சேர்ந்ததென்பது வைத்தியரே சொல்லும் உண்மை. பழமை என்றதனால் ஒன்று சாதுவாகிவிடாது. புதுமை என்றதனாலும் ஆகிவிடாது.

மருத்துவரிடம் செல்லும்போது

மழித்த இடத்தில் சிவப்பு இரண்டு நாளுக்குமேல் நீடித்தாலும், சீழ்க் கொப்புளங்கள் பரவினாலும், மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டினாலும், முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலும் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரை நாட வேண்டும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அதன்பின் சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 இல் திறந்துவைக்கப்பட்டது. முன்பு தோல் நிபுணரைக் காண்பதற்கென்றே சேலத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறியவர்களுக்கு, இன்று அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டு அண்மையிலேயே கிடைக்கிறது. மலைமேல் வசிப்போர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டி, தேவைப்பட்டால் மேற்பரிந்துரை பெற்று இறங்கிவரலாம்.

போகும்போது, முடி எப்போது பெருகத் தொடங்கியது, கடைசி மூன்று நான்கு மாதவிலக்குகள் எந்த நாட்களில் வந்தன, வலிப்பு மருந்தோ வேறு மாத்திரையோ உட்கொள்வதுண்டா, தாய்க்கும் சகோதரிகளுக்கும் இவ்வாறு இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்க. வரிசையில் நின்று அழைக்கப்படும்போது வெட்கத்தாலும் அவசரத்தாலும் பாதி மறந்துபோகும். பரிசோதனைக்கு முந்திய சில நாள் மழிக்காமல் விடுவதும் நன்று. மழித்த முகத்தைப் பார்த்து முடியின் தன்மையை எவராலும் கணிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தில் பூசிவந்த களிம்புக் குழாய், பொடிப் பொட்டலம், அட்டைப் பெட்டி ஆகியவை தீர்ந்துபோனவையாயினும் எறிந்துவிடாமல் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். “ஏதோ ஒரு வெள்ளைக் களிம்பு, டாக்டர்” என்ற வாய்மொழி சொல்லாததை அந்தக் குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்து மருத்துவருக்குச் சொல்லிவிடும்.